பனி அளந்தவனின் கோட்டு

அந்தக் கோட்டை எங்கள் ஊரில் எவரும் போட்டுக்கொள்ள முடியாது. சாம்பல் நிறத்தில் தடித்த கம்பளி. முழங்காலுக்குக் கீழே இறங்கும் நீளம். உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட சரக்கு என்பதால் பித்தளைப் பொத்தான்கள். இடது கைப்பட்டியில், மண்ணெண்ணெய் அடுப்பில் பட்டுக் கருகிய ஓர் இடம். என் அண்ணன் ஒரு புரட்டாசியில் விடுப்பில் வந்தபோது அதை வீட்டில் விட்டுப் போனான். ஆபீஸில் புதிதாக ஒன்று கொடுத்துவிட்டார்கள், இது இங்கே கிடக்கட்டும் என்றான். குளத்தூர் தாலுகாவின் புரட்டாசி வெயிலில் அதைத் தொட்டாலே கை வியர்க்கும்.

அண்ணனுடைய உத்தியோகம் வடக்கே மலைகளில் விழும் பனியை அளப்பது. ஊரில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், ரயில்வே, போலீஸ் என்று எதிலும் சேராத வேலையை எங்கள் ஜனங்கள் வேலையாக எடுத்துக்கொள்வதில்லை. மூத்தவர் என்ன செய்கிறார் என்று கேட்பவர்களிடம் ஆத்தா, "மலையில சர்க்கார் வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். அம்மாவை நாங்கள் ஆத்தா என்றே கூப்பிட்டோம்.

அவன் பட்டம் வாங்கியது 1948-இல். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து, சமஸ்தானத்தின் பெயர் அச்சிட்ட காகிதங்களெல்லாம் திடீரென்று பழசாகிப்போன ஆண்டு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயலும், மேட்டில் மானாவாரிக் காடும் இருந்தன. ஆத்தாவும் அவளுடைய அண்ணனான என் தாய்மாமாவும் சேர்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பௌதிகம் படித்தவன். சென்னையில் வானிலை ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தான். ஓரிரு வருடம் கழித்து, வடக்கே பனிமலைக் கூடாரத்துக்குப் போக யாருக்கு விருப்பம் என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார்.

"எதுக்குக் கையத் தூக்குனே?" என்று நான் கேட்டேன்.

"நான் எங்கடா தூக்குனேன்? எல்லாப் பயலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் மட்டும் நிமிர்ந்து இருந்துட்டேன்."

ஆனால் அங்கே போனபிறகு அவன் திரும்ப விரும்பவில்லை. அதையும் நான் கவனித்தேன். குளிர்காலத் தொடக்கத்தில் மலைக்குப் போவான். சரிவுகளில் அளவுக்கோடு போட்ட கம்புகளை நட்டு, பனி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று தினமும் பார்த்து எழுதுவான். இரும்புக் குழாயைப் பனிக்குள் செருகி எடுத்து நிறுப்பான்; அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று அதிலிருந்து தெரியுமாம். கிணறு தோண்டுவது போலக் குழி தோண்டி, மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குவரை வெப்பமானி வைப்பான். பனிக்கு மேலே நிற்கும் காற்றின் சூட்டையும் அளப்பான். கோடையில் உருகி முடியும்வரை இதுதான் வேலை. அதன்பிறகு கணக்குப் போடும் வேலை. ஆகவே அவனுக்கு ஊருக்கு வர வாய்த்த காலம் புரட்டாசி மட்டுமே. பொங்கலுக்கு அவன் ஒருமுறைகூட வந்ததில்லை.

அப்படி வந்த ஒரு வருடம், மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஆத்தா கேட்டாள். "அங்கிட்டுப் பனி கெடந்தா நமக்கு என்னப்பா, கெடக்காட்டி என்னப்பா?"

அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். வெளியே வெயிலில் கிடந்த ஆட்டுக்கல்மேல் அவள் உள்ளங்கையை வைத்தான். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பிறகு அதே வெயிலில் நின்ற வெள்ளையடித்த சுவரில் வைத்தான்.

"சுடுதா?"

"இது சுடலையே."

"ரெண்டுக்கும் ஒரே வெயிலுதான். சுண்ணாம்பு அடிச்ச செவரு வெயிலத் திருப்பி அனுப்பிருது. மலை பூராவும் சுண்ணாம்பு அடிச்சு வச்சா எப்புடி இருக்கும்? அதுதான் பனி. அதுக்கு மேல நிக்கிற காத்தும் சில்லுன்னு கெடக்கும். வடக்கே நெலம் சூடேறுனாத்தான் தெக்கேயிருந்து மழைக்காத்த இழுக்கும். பனி ரொம்ப நாளு கெடந்துச்சுன்னா சூடேறவும் நாளாகும், மழையும் நாளாகும்."

மாமா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். "அப்ப மழைக்கு நீதான் அதிகாரின்னு சொல்லு மாப்ள. ஒரு கையெழுத்தப் போட்டு நம்ம கம்மாய்க்கு நாலு மழைய அனுப்பி வையேன்."

"அந்த மழை நம்ம மழை இல்ல மாமா. அது ஆனி, ஆடியில மேக்கே பேயிற மழை. காவேரிக்குத் தண்ணி வருதுல்ல, அது. நமக்கு ஐப்பசி கார்த்திகையில பேயிறது வேற. அது கடல்லேருந்து வேற வழியா வருது. அதுக்கும் என் பனிக்கும் ஒட்டு இல்ல."

ஆத்தா சுவரிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப அடுத்தவுக மழைக்கா நீ அங்க போயி வெறைச்சுக் கெடக்குற?"

அவன் சிரித்தான். 

கோட்டை விட்டுப் போனது அந்த முறைதான். ஆத்தா அதை வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தாள். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கொடியில் காயப்போடுவாள். தெருவில் போகிறவர்கள், "என்னத்தா, கரடியப் புடிச்சுக் காயப் போட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அவளும் சிரிப்பாள். காய்ந்ததும் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பெட்டியில் வைப்பாள்.

பிறகு மழை பொய்த்தது. முதல் வருடம் ஐப்பசி மழை பாதிதான் பெய்தது. அடுத்த வருடம் அதுவும் இல்லை. கண்மாய் வெடித்து, வெடிப்புக்குள் முழங்கை நுழைந்தது. நான் அப்போது புதுக்கோட்டையில் தங்கி, திருச்சியிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வறட்சி பற்றி எழுதி எழுதி, ஆபீஸிலிருந்து இனி வேறு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் கொடும்பாவி இழுப்பது என்று தீர்மானமாயிற்று. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மழை நின்றுபோனால், யாரோ ஒரு பெரும்பாவி செய்த பாவத்தால்தான் நின்றது என்று வைத்து, வைக்கோலில் அந்தப் பாவியின் உருவம் கட்டுவார்கள். கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். பெண்கள் பின்னால் மாரடித்து ஒப்பாரி வைத்து வருவார்கள், நிஜச் சாவுக்கு வைப்பது போலவே. கடைசியில் கண்மாய்க்குள் வைத்து எரிப்பார்கள். அந்த அழுகையைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் வைக்கோல், ஒரு வீட்டில் கயிறு, தலைக்கு ஒரு பழைய சட்டி, உடுத்த ஒரு துணி. கேட்டு வாங்கியவர் மாமா.

நான் செய்திக்காகக் கீரனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது, உருவத்தைக் கட்டி முடித்து நிறுத்தியிருந்தார்கள். சட்டியில் சுண்ணாம்பால் கண்ணும் வாயும். மேலே முண்டாசு. உடம்பில் அண்ணனின் கோட்டு.

ஆத்தாதான் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. மாமா பழைய வேட்டி ஏதாவது கொடு என்றுதான் வந்திருக்கிறார். அவள் பெட்டியைத் திறந்து இதை எடுத்திருக்கிறாள். பிறகு மாமா என்னிடம் சொன்னது இது. "மழை பொறக்குற எடத்துல கெடந்த சட்டைண்ணே, இத எரிச்சா அதுக்குத் தெரியும்னு சொன்னாப்பா. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு." அண்ணன் அவ்வளவு விளக்கியதில் அவளிடம் தங்கியது, பனிக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டு என்ற ஒன்று மட்டும்.

கம்பளி தடிப்பானது. வருடக்கணக்காக ஒருவன் போட்டுப் பழகினால் அவன் முழங்கை வளைவு அதில் நின்றுவிடும். அண்ணனுக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும். வைக்கோல் திணித்து நிறுத்திய கோட்டிலும் இடது தோள் இறங்கியிருந்தது.

கூட்டம் குஷியாக இருந்தது. பசித்த ஊரில் அப்படி ஒரு பகல் பல மாதமாக வாய்க்கவில்லை.

"டேய், பாவிப்பய எங்கேயிருந்துடா வாரான்?" என்று ஒருவன் கத்தினான்.

"இமயமலையிலேருந்துடா! மழையப் புடிச்சுப் பொட்டியில போட்டுப் பூட்டிப்புட்டு வாரான்!"

"சாவி எங்கடா?"

"கோட்டுப் பையில பாருடா!"

இழுக்க ஆரம்பித்தார்கள். புழுதி எழுந்தது. ஒப்பாரி வைப்பதில் பேர்போன ஓர் அக்கா முன்னால் வந்து குரலெடுத்தாள். எந்தச் சாவுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வழக்கப்படி பாவியை ஏசிவிட்டு, பிறகு அவனைப் பெற்றவளின் குரலில் அழுதாள். தூர தேசம் போனவனே, பெற்றவள் முகம் பார்க்காமல் போனவனே என்று. அது எல்லாக் கொடும்பாவிக்கும் அழுவதுதான். அன்று அவள் ஒன்றையும் புதிதாகச் சேர்க்கவில்லை.

பெண்கள் கூட்டத்தில் ஆத்தாவும் மாரடித்துக்கொண்டு வந்தாள். அவள் கை பாதியில் நின்றதைப் பார்த்தேன். புழுதியில் முகம் மேலாகப் புரண்டு போய்க்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்க் கோட்டின் முன்பக்கத்தைப் பிடித்து, பொத்தானைக் கழற்றப் பார்த்தாள்.

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, என்ன செய்யிற?"

"இது வேணாம்ணே. வேற துணி தாரேன். என் சீலையத் தாரேன்."

"கட்டி இழுத்தாச்சு. நடுத்தெருவுல அவுத்தா ஊருக்கு ஆகுமா? நாளைக்கி மழை இல்லேன்னா நம்ம வீட்டத்தான் கைகாட்டுவாங்க."

அவர் சொன்னது நியாயம். அவளும் ஊர்க்காரிதான், எங்கள் வயலும் அதே கண்மாய்க்குக் கீழேதான் கிடந்தது. கையை எடுத்துக்கொண்டாள். கண்மாய்வரை மற்றப் பெண்களோடு வந்தாள். ஆனால் அழவில்லை.

வைக்கோல் உடனே பற்றி எரிந்து போயிற்று. கம்பளி பற்றவில்லை. கருகிச் சுருண்டு, புகைந்துகொண்டே கிடந்தது. அதிலிருந்து ஒரு நாற்றம் வந்தது. கூட்டம் சிரிப்பை நிறுத்தியது. கம்பளி ஆட்டு மயிர்தானே. எரிந்தால் மயிர் கருகும் வாடை வரும். சுடுகாட்டுக்குப் போய் வந்த எந்த ஆணுக்கும் அந்த வாடை தெரியும். ஆத்தா சுடுகாடு கண்டவள் அல்ல. ஆனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அனுப்பிய செய்தி நான்கு வரி வந்தது. கோட்டைப் பற்றி அதில் எழுதவில்லை. அது செய்தி அல்ல.

அந்த வாரக் கடைசியில் மழை பெய்தது. வங்கக் கடலில் உருவான புயலின் ஓரம் எங்களைத் தொட்டுப் போயிற்று. கண்மாய் பாதி நிரம்பியது. ஜனங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒங்க வீட்டுச் சட்டைதாங்க ஆத்தா மழையக் கொண்டாந்துச்சு" என்றார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அடுத்த புரட்டாசியில் அண்ணன் வந்தான். மெலிந்திருந்தான். முகம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது; பனியிலிருந்து திரும்பி அடிக்கும் வெளிச்சத்துக்காகக் கறுப்புக் கண்ணாடி போடுவார்களாம். மாமா கோட்டின் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அண்ணனும் சிரித்தான்.

"கம்பளி நல்லாவா எரிஞ்சுச்சு மாமா? எரிஞ்சிருக்காதே."

"எங்கிட்டு எரிய? நாத்தந்தான்."

ஆத்தா சிரிக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டே, "நீ இனிமே அங்க போகாத" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இங்கிட்டே ஒரு வேலையும் இல்லையா ஒனக்கு? மெட்ராசுல இருந்தியே, அந்த வேல என்னாச்சு?"

"கேட்டிருக்கேன் ஆத்தா. குடுக்குறேன்னுட்டாங்க. சித்திரையில மெட்ராசுக்கு வந்துருவேன். நாற்காலியில உக்காந்து கணக்குப் போடுற வேல. ஒனக்குச் சந்தோஷந்தானே?"

"சித்திரை எதுக்கு? இப்பவே வந்துரு."

"ஒரே ஒரு குளிர்காலம். நடுவுல ஒரு வருஷம் விட்டுப்போச்சுன்னா முன்னாடி அளந்தது அம்புட்டும் சேராது. வேற ஆளப் பழக்கிவிட்டுட்டு வாரேன்."

அவள் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கிளம்பும் அன்று, கீரனூர் ஸ்டேஷனுக்கு வழக்கமாக வராதவள், வந்தாள். ரயில் நகர்ந்தபோது ஜன்னல் கம்பிக்கு வெளியே அவன் வைத்திருந்த கையின் சட்டையைத்தான் பிடித்தாள், கையை அல்ல. வேகம் வந்ததும் விட்டுவிட்டாள்.

தந்தி தை மாதம் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதால் என் பெயருக்குப் புதுக்கோட்டைக்கு அனுப்பியிருந்தார்கள். மேல் சரிவிலிருந்து பனி பெயர்ந்து இறங்கி, கம்புகளைப் பார்க்கப் போன இடத்தில் அவனை மூடிவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று இருந்தது. தந்தி வாசகங்களை நான் தினமும் கையாள்பவன். எந்தச் சொல்லை எதற்காகத் தவிர்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆத்தாவிடம் சொன்னேன். கேட்டாள். "ஒடம்பு?" என்று மட்டும் கேட்டாள். பனி உருகினால்தான் தெரியும் என்றேன்.

உருகிய பிறகும் கிடைக்கவில்லை. ஆனி மாதத்தில் அவனோடு வேலை பார்த்த ஒரு சென்னைக்காரர் அவனுடைய பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். வெயிலில் திணறிக்கொண்டே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். கம்புகளில் இரண்டு கிடைத்தன, வெப்பமானி வைக்கும் மரப்பெட்டி கிடைத்தது, வேறு ஒன்றும் இல்லை. மலைச்சந்தின் அடியில் உறைந்த பனிக்கட்டி உருகுவதே இல்லையாம். அண்ணன் அத்தனை குளிர்காலம் அளந்தது வீண்போகாது, ஒருநாள் மழையை முன்கூட்டியே சொல்ல அது உதவும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"எங்க ஊரு மழையவா?" என்று ஆத்தா கேட்டாள்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லீங்கம்மா. அது வேற மழை" என்றார்.

அவர் போனபிறகு மாமா பேச்சை எடுத்தார். உடம்பு கிடைக்காத சாவுக்கு எங்களில் ஒரு முறை உண்டு. வைக்கோலிலோ மாவிலோ ஓர் உருவம் செய்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொள்ளி வைத்து, மறுநாள் சாம்பலில் எலும்புக்குப் பதிலாக எதையாவது பொறுக்கி ஆற்றில் விடுவார்கள். அதைச் செய்தால்தான் போனவன் போய்ச் சேருவான். கொள்ளி வைக்க வேண்டியவன் நான்.

"தங்கச்சி, இனியும் போட்டு வைக்கக் கூடாது. வைக்கல்ல ஒரு உருவம் கட்டிருவோம். வெள்ளிக்கெழம தாண்டி நாள் நல்லா இருக்கு."

"வேணாம்ணே."

"வேணாம்னா எப்புடி? புள்ள அந்தரத்துல நிக்கலாமா?"

"ஒரு புள்ளைய எத்தன தரம் எரிக்கிறது?"

மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் சற்று நேரம் ஆயிற்று. அவள் உள்ளே போய், அடுப்படி மூலையிலிருந்து ஒரு சிறிய மண்கலயத்தைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தாள். வாயில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே கோட்டின் பித்தளைப் பொத்தான்கள். நெருப்பில் கறுத்து, ஒன்றிரண்டு வளைந்திருந்தன.

கொடும்பாவி எரித்த மறுநாள் காலையில் அவள் தனியாகக் கண்மாய்க்குப் போயிருக்கிறாள். ஆறிய சாம்பலில் பால் தெளித்து, பொத்தான்களைப் பொறுக்கி, கழுவிக் கலயத்தில் போட்டிருக்கிறாள். சுடுகாட்டில் ஆண்கள் செய்வது அது. அவன் உயிரோடு மலைமேல் இருந்தபோது செய்திருக்கிறாள். அதன்பிறகு அவன் வந்து, சிரித்து, சாப்பிட்டுப் போயிருக்கிறான்; அப்போதும் அந்தக் கலயம் அடுப்படியில்தான் இருந்திருக்கிறது.

"நீ எதுக்கு அன்னைக்கே இத..." என்று மாமா ஆரம்பித்தார்.

"ஒப்பாரி வச்சாச்சு. கொள்ளி வச்சாச்சு. அந்த நாத்தமும் பாத்தாச்சு. அத அப்புடியே விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. அவன் ஒரேயடியாத் திரும்பி வந்துட்டா தூக்கிப் போட்டுருவோம்னுதான் வச்சிருந்தேன். சித்திரையில வாரேன்னான்ல."

மாமா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதன்பிறகு வைக்கோல் உருவம் பற்றி அவர் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வேறு கொள்ளி வைக்கவில்லை.

ஆடி பாதிக்குமேல், பெருக்குக் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, நானும் ஆத்தாவும் திருச்சிக்குப் போனோம். காவிரி இரு கரை தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடியது. ஜனங்கள் விட்ட மாலைகள் படித்துறையில் ஒதுங்கி அழுகிக்கொண்டிருந்தன. அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கலயத்தின் துணியை அவிழ்த்தாள். பித்தளை மிதக்காது, கரையவும் கரையாது. கவிழ்த்த இடத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. கலயத்தையும் விட்டாள். அது மட்டும் கொஞ்ச தூரம் மிதந்து போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தது.

அவள் குனிந்து உள்ளங்கையைத் தண்ணீருக்குள் வைத்தாள். அன்று சுவரில் வைத்தது போல, விரல்களை விரித்து.

"இந்தத் தண்ணிதானா அவன் சொன்னது?"

"ஆமா ஆத்தா. மேக்கே ஆனியில பேஞ்ச மழை."

"நம்ம கம்மாய்க்கு வராது."

"வராது."

கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கீரனூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் படியேறினாள்.